வைரவனின் வெள்ளிக்கிழமை டூட்டி

முதலில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து இரண்டு சுற்று. அடுத்து கட்டைவிரலுக்குத் தனியாக மூன்று சுற்று. பல்லால் கடித்துக் கிழித்து, நுனியைத் தொடையில் வைத்துத் தேய்த்து ஒட்ட வேண்டும். வைரவன் இதைச் செய்யும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. சுற்றுவது அட்டைப்பெட்டிகளுக்கு ஒட்டுகிற பழுப்பு நிற பேக்கிங் டேப். விளையாட்டுக்காரர்களுக்கென்றே அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளை டேப் கோச்சின் பையில் உருளை உருளையாகக் கிடக்கிறது. அதைத் தொட மாட்டான். "வேர்த்தா நழுவுது சார். இது கப்பல்ல ஏறி எறங்குனாலும் பிரியாது" என்பான்.

டேப் முடிந்ததும் எழுந்து, இரண்டு கைகளாலும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மைதானத்தில் இறங்குவான். முகத்துக்கு முன்னால் கம்பி வைத்த ஹெல்மெட் இருப்பதால் விரல் கண் வரைக்கும் போகாது. கம்பியில் ஒற்றிக்கொள்வான். சாமி கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பது அவன் நம்பிக்கை.

குவைத்தில் மங்காஃபுக்குத் தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் எங்கள் கம்பெனியின் யார்டு இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி. கண்டெய்னர்கள் வரும், பிரிப்பார்கள், அனுப்புவார்கள். யார்டுக்குப் பின்னால் இறுகிய மணல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு மைதானம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெயில் ஆளை விட்டுவைக்கிற அந்த நான்கு மாதங்களில், வெள்ளிக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் நடக்கும். காலால் உதைக்கிற ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நீள உருண்டையாக ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிராளிகள் அவனைக் கீழே சாய்க்க வேண்டும். நான்கு வருடம் ஓரத்தில் நின்று பார்த்த பிறகும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான்கு கம்பெனிகள், நான்கு அணிகள். ஆடுகிறவர்கள் என்ஜினீயர்கள், சூப்பர்வைசர்கள், லாரி செக்ஷன்காரர்கள். எல்லோரும் ஆசைக்கு ஆடுகிற வெள்ளைக்காரர்கள், கறுப்பர்கள். சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரன் அந்த லீக் முழுவதற்கும் ஒரே ஒருவன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து லேபர் சப்ளை மூலம் ஹெல்பராக வந்த வைரவன்.

இது எப்படி நேர்ந்தது என்றால், ஹெல்பர்கள் தங்குகிற கேம்பின் பொறுப்பாளர், கேம்ப் பாஸ் மீராசாவால் நேர்ந்தது. தொண்டிக்காரர், சட்டம் பேசுகிறவர். "டூட்டி இருந்தா கேட் பாஸ். டூட்டி இல்லேன்னா ரூம். ஃபுட்பாலு கிட்பாலெல்லாம் நம்ம லிஸ்ட்ல மாஃபி, கெடையவே கெடையாது" என்று சொல்லிவிட்டார். எனவே வைரவனுக்கு வெள்ளிக்கிழமைகளில் டூட்டி போட வேண்டியதாயிற்று. கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன் நான். டைம்ஷீட்டில் பந்து விளையாடுவதற்கு வேலைக் குறியீடு கிடையாது. யோசித்து யோசித்து, 'சரக்கு கையாளுதல்' என்று போட்டேன். கோச் கையெழுத்துப் போட்டார். நான்கு சீசனும் அப்படியே ஓடிற்று. சாயங்காலம் கேம்புக்குத் திரும்பும்போது மற்ற ஹெல்பர்கள் கேட்பார்கள்: "என்னப்பா, இன்னிக்கு எத்தனை உருப்படி எறக்குன?" வைரவன் முகத்தை மாற்றாமல் பதில் சொல்வான். "ஒம்பது. எல்லாம் நூறு கிலோவுக்கு மேல."

அவன் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு சாப்பாட்டு நேரத்தில். 2004 நவம்பர் என்று நினைவு. யார்டில் அமெரிக்கர்கள் பந்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மலைபோன்ற ஒருவர் பந்தோடு ஓடி வந்தார். வைரவன் குப்பூஸ் ரொட்டியில் சர்க்கரை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். தன் மேல்தான் ஏறப் போகிறார் என்று நினைத்தானோ, கை தானாகப் போனதோ, குப்பூஸைக் கீழே போட்டுவிட்டு அவருடைய கணுக்காலைப் பிடித்து முறுக்கினான். அவர் விழுந்த சத்தம் டைம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. வேலை போயிற்று என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். விழுந்தவர் எழுந்து, மணலைத் துப்பி, "இன்னொரு தடவை செய்" என்றார். அவர்தான் லெஸ்டர். கிடங்கு சூப்பர்வைசர், அணியின் கோச். இன்னொரு தடவையும் விழுந்தார். மூன்றாவது தடவை விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இவனுக்கு ஆட்டத்தின் விதிகளை உங்கள் மொழியில் விளக்குங்கள்" என்றார். பதினைந்து நிமிடம் எனக்கு விதிகளைச் சொன்னார். நான் தலையாட்டினேன். டைம் ஆபீஸில் எனக்கிருக்கும் பெரிய திறமை அதுதான். பிறகு வைரவனைத் தனியே அழைத்துப் போய், பதினைந்து நிமிடத்தை அரை நிமிடமாகச் சுருக்கிச் சொன்னேன்: "இது நம்ம சடுகுடு மாதிரிதாம்ப்பா. பந்து வச்சிருக்கிற இடம் நடுக்கோடு. அதைத் தாண்டி நம்ம பக்கம் வர்றவனைப் பிடிக்கணும்."

வைரவன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இம்புட்டுத்தானா! இதுக்கு எதுக்கு சார் இங்கிலீசு?" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று வீட்டில் என் மனைவி பிரபாவதியிடம்கூடச் சொன்னேன், நான் விளக்கினால் யாருக்கும் புரிந்துவிடுகிறது என்று. அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

அவனுக்குப் பிடிபடாத விஷயங்கள் ஏராளம். ஆனால் எதையும் அவன் குழப்பம் என்று ஒப்புக்கொண்டதில்லை. வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று ஒதுக்கிவிடுவான். "இவய்ங்க ஆடுறதவிட நின்னு பேசுறதுதேன் சார் அதிகம். அஞ்சு நொடி ஆடுறாய்ங்க, அஞ்சு நிமிசம் பஞ்சாயத்துக் கூடுறாய்ங்க." நடுக்கோடு ஓரிடத்தில் நிற்காமல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடம் மாறுவது அவனுக்குக் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தது. பிறகு பழகிவிட்டான். கோச் பலகையில் பெருக்கல் குறியும் பூஜ்யமுமாக வரைந்து தள்ளும்போது பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் என்னிடம் மெதுவாக, "இதுல நான் எது சார்?" என்பான். நடுவில் இருக்கிற பெருக்கல் குறியைக் காட்டுவேன். "சரி" என்று எழுந்துவிடுவான். மீதி இருபத்தோரு பேரும் அவனுக்கு அநாவசியம்.

யார் ஜெயித்தார்கள் என்பதை அவன் ஒருநாளும் தானாகத் தெரிந்துகொண்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் என்னைப் பார்ப்பான். எனக்கும் தெரியாது. நான் கோச்சின் முகத்தைப் பார்ப்பேன். கோச் தொப்பியை எறிந்து பிடித்தால் வெற்றி. "ஜெயிச்சுட்டோம்" என்பேன். "சந்தோசம் சார்" என்பான், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை விசாரித்தவன் மாதிரி. அவனுடைய ஆட்டம் ஆளைச் சாய்ப்பதோடு முடிந்துவிட்டது. சாய்ந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கி, முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "மாஃப் கரோ பாய்" என்பான். ஆறரை அடி உயரத்து டெக்ஸாஸ்காரர்களிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்ட ஒரே தடுப்பாட்டக்காரன் அவனாகத்தான் இருப்பான்.

இரண்டாவது சீசனில் ஒரு நாள் எதிராளி கையிலிருந்து நழுவிய பந்து நேராக வைரவன் மடியில் வந்து விழுந்தது. முன்னால் ஒரு தடையும் இல்லை. கோச் ஓடு ஓடு என்று கத்துகிறார். வைரவன் பந்தைத் துடைத்து, அதைத் தவறவிட்டவனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். கோச் அப்படியே மணலில் மல்லாந்து படுத்துவிட்டார். ஏனப்பா என்று கேட்டதற்கு, "அவய்ங்க சாமான் சார். நமக்கு எதுக்கு?" என்றான். கோச்சிடம் இதை மொழிபெயர்த்தேன். அவர் படுத்தபடியே சிரித்தார். அன்று சிரிக்காமல் ஒழுங்காக விசாரித்திருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆட்டத்தால் அவனுக்கு ஆதாயம் என்ன என்று கேட்டால், போன குளிர்காலம் வரைக்கும் வெள்ளிக்கிழமை டூட்டியும் ஒரு பச்சைச் சட்டையும்தான். இந்த ஜனவரியில் நிலைமை மாறிற்று. லேபர் சப்ளை கம்பெனியின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, நாற்பது ஹெல்பர்களையும் விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சேதி வந்தது. யார்டுக்கென்று கம்பெனியின் நேரடி விசா இரண்டே இரண்டு. லெஸ்டர் ஒன்றை வைரவனுக்குக் கேட்டார். நேரடி விசா என்றால் வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. சப்ளை விசாவில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை.

வைரவனின் மகள் ஜோதிமணிக்கு ஆறு வயது. அவள் வாழ்நாளில் அப்பாவை இரண்டு மாதம் பார்த்திருக்கிறாள். போனில் அவன் மனைவி கருப்பாயி, "அப்பாகிட்டப் பேசு" என்று ரிசீவரைக் கொடுத்தால், பிள்ளை "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுமாம். "வாத்தியாருகிட்டப் பேசுற மாதிரி 'ங்க' போட்டுப் பேசுது சார்" என்றான். நான்கு வருடத்தில் அவன் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "வருசம் ஒருக்கா போனா ரெண்டே வருசத்துல ஏய் அப்பான்னு கூப்பிட்டுரும். எனக்கு அது போதும்."

ஆபரேஷன்ஸ் மேனேஜர் எளிதில் தலையாட்டுகிற ஆள் இல்லை. நாற்பது பேரும் பெட்டி தூக்குகிறவர்கள்தானே, இவனை மட்டும் எதற்கு எடுக்க வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான். "இவனைப் போல விடாப்பிடியான ஆள் கிடைக்க மாட்டான்" என்றார் லெஸ்டர். "அப்படியா, ஃபைனலுக்கு வந்து பார்க்கிறேன்" என்றார் மேனேஜர்.

பிப்ரவரியில் ஃபைனல். நானும் என் மகள் மஹதியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பு. இன்டர்நெட்டில் விதிகளைப் படித்துவிட்டு வந்திருந்தாள். புள்ளிகளை எனக்கு அவள்தான் சொன்னாள். வைரவன் அன்று ஆடியதைப் போல் நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் புகுந்தாலும் அந்தப் பழுப்புக் கைகள் அங்கே இருந்தன. மேனேஜர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். லெஸ்டர் என் தோளில் தட்டினார். இன்னும் ஒரு நிமிடம்தான் பாக்கி, நாம்தான் நாலு புள்ளி முன்னால் என்றாள் மஹதி.

எதிரணியின் பெரிய ஓட்டக்காரன் பந்தோடு கோட்டைத் தாண்டி நான்கு எட்டு வந்தான். வைரவன் அவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். முன்னால் ஓர் அங்குலம் நகர முடியவில்லை. ஓட்டக்காரன் ஒரே சுழற்றாகத் திரும்பி, வைரவனையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனான். ஓர் எட்டு, இரண்டு எட்டு, மூன்று, நான்கு. பந்து முதலில் இருந்த இடத்தைத் தாண்டி அவன் வலது கால் பின்பக்கம் விழுந்தது.

வைரவன் விட்டுவிட்டான்.

நழுவவில்லை. இரண்டு கைகளையும் விரித்து எடுத்தான். நல்லா வந்தே என்பது போல அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். அந்த ஓட்டக்காரனுக்கே ஒன்றும் புரியவில்லை. பந்தும் கையுமாக அரை நொடி நின்றான். பிறகு விசில் ஊதவில்லை என்பது உறைத்து, ஆளில்லாத இடது ஓரமாக ஓடினான். மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா விட்டாரு? நல்லா பிடிச்சிருந்தாருல்ல! ஆறு புள்ளி போச்சு, தோத்துட்டோம்!" என்று மஹதி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

லெஸ்டரும் மேனேஜரும் வந்தார்கள். "ஏன் விட்டான் என்று கேளுங்கள்" என்றார் லெஸ்டர். கேட்டேன். வைரவன் ஹெல்மெட்டைக் கழற்றி, கொஞ்சமும் சந்தேகமில்லாத முகத்தோடு சொன்னான்: "கோட்டைத் தொட்டுட்டான்ல சார். அதுக்கு மேல பிடிச்சா தப்பாட்டம்ல?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சடுகுடுவில் பாடி வந்தவன் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் தப்பிவிட்டான், அப்புறம் அவனைப் பிடிக்கக் கூடாது. ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நான்கு வருடமாக வைரவன் சடுகுடுதான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். இதுவரை எவனையும் அவன் பிடியிலிருந்து கோடு வரைக்கும் திரும்ப விட்டதில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு அமெரிக்கர்களும் என் வாயைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், இவனுக்கு விதி சொல்லிக்கொடுத்தது யார் என்ற அடுத்த கேள்வி வரும். மேனேஜர் எதிரில் நிற்கிறார். என் விசாவிலும் அவர் கையெழுத்துதான் இருக்கிறது. "களைத்துப் போய்விட்டதாகச் சொல்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

"களைத்தவர்கள் ஊருக்குப் போய் ஓய்வெடுக்கட்டும்" என்றார் மேனேஜர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன சார் சொல்றாரு?" என்றான் வைரவன்.

"நல்லா ஆடுனேன்னாரு" என்றேன்.

"சந்தோசம் சார்."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்ததும் லெஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அப்படியானால் இத்தனை நாளும் அவன் ஆடியது எந்த ஆட்டம்?" என்று மட்டும் கேட்டார். இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். அங்கேயும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு விசாவுக்கும் பெயர் கொடுத்து சனிக்கிழமையே வீட்டிலிருந்து மெயிலில் அனுப்பியாகிவிட்டது, சுவாரஸ்யமான கதை, நன்றி என்றார். அவர் திட்டவும் இல்லை. நான் பயந்தது எதற்கென்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

வருகிற புதன்கிழமை வைரவனுக்கு விமானம். நேற்று வெள்ளிக்கிழமை, டூட்டி கிடையாது. மதியம் கேம்புக்குப் போனேன். துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். "வாங்க சார், அக்கா, பாப்பா எல்லாம் சொகமா?" என்றான். நின்ற வாக்கிலேயே சொல்லி முடித்தேன். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது, களைத்துவிட்டான் என்று பொய் சொன்னது, அதனால் விசா போனது, எல்லாம்.

பிழிந்த சட்டையை மறுபடியும் ஒரு முறை பிழிந்தான்.

"அப்ப, கோட்டைத் தொட்டாலும் விட வேணாமா?"

"வேணாம் வைரவா. விசில் ஊதுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"எந்தக் கோடா இருந்தாலும்?"

"எந்தக் கோடா இருந்தாலும்."

"நாலு வருசமா சார்?"

 சட்டையை உதறிக் கொடியில் போட்டான். சுருக்கத்தை நீவிவிட்டான். திரும்பும்போது முகம் வேறாக இருந்தது. விதி தெரியாமல் ஆடியதோ விசா போனதோ அவனை அவ்வளவு தாக்கவில்லை என்று பட்டது. "களைச்சுட்டேன்னா சொன்னீங்க?" என்றான். "நான் எப்ப சார் களைச்சேன்?"

"மன்னிச்சிருப்பா" என்றேன். 

அவன் செருப்பைக் கழற்றினான். குதிகாலால் மணலில் நேராக ஒரு கோடு இழுத்தான். என்னை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிக் கை காட்டினான். ஆபீஸ் பேன்ட்டும் ஷூவுமாகப் போய் நின்றேன். துணி காயப்போட வந்த நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"வாங்க சார்."

கோட்டைத் தாண்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இப்பத் திரும்பிப் போங்க."

முதலில் ஒரு காலை எடுத்துக் கோட்டுக்கு அப்பால் வைத்தேன். அப்புறம் மற்றதையும் வைத்தேன். இழுத்துப் பார்த்தேன். ஐம்பது வயதில் என்னிடம் இருக்கிற பலம் முழுவதையும் கூட்டி இழுத்தேன். என் கைவிரல்கள் வெளுத்துவிட்டன. வைரவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். விடவில்லை.